காவி உடுத்திய சிப்பாய்

இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் என்ன? பதில் தேடுகிறது ஒரு ஜப்பானியப் படம் - பாதி தூரம் வரை.

1945, பர்மா. கிராமம் ஒன்றில் தங்கியிருக்கும் ஜப்பானியப் படைப்பிரிவை பிரிட்டிஷ் படை சூழ்ந்துகொள்கிறது. சந்தேகம் வராதிருக்கப் பாடிக்கொண்டே ஆயுதங்களை எடுக்கிறார்கள் ஜப்பானியர்கள். பாய வேண்டிய நொடியில், இருட்டிலிருந்து அதே மெட்டு ஆங்கிலத்தில் எழுகிறது: 'ஹோம், ஸ்வீட் ஹோம்'. போர் முடிந்து மூன்று நாளாகிவிட்டது என்பது பிறகுதான் தெரிகிறது.

கோன் இச்சிகாவா 1956இல் எடுத்த 'பர்மிய யாழ்' படத்தின் புகழ்பெற்ற காட்சி இது. சிறுவர் பத்திரிகைக்காக மிச்சியோ தக்கேயாமா எழுதிய கதைக்குத் திரைக்கதை அமைத்தவர் இயக்குநரின் மனைவி நாட்டோ வாடா. வெனிஸில் பரிசு பெற்ற இப்படம் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

பாட்டுக்கு யாழ் மீட்டுபவன் சிப்பாய் மிஸுஷிமா. அவன் கையிலிருப்பது வில்லாக வளைந்த தண்டுள்ள 'சவுங்'. தமிழகத்தில் வழக்கொழிந்த வில்யாழுக்கு உறவு. பர்மாவில் இன்றும் வாழ்கிறது.

மலைக்குகையில் இன்னும் போரிடும் சகாக்களைச் சரணடையச் செய்ய மிஸுஷிமா அனுப்பப்படுகிறான். அரை மணி நேரம்தான் கெடு. கோழை என்று ஏசுகிறார்கள். பீரங்கிகள் முழங்க, அவன் மட்டும் பிழைக்கிறான். காப்பாற்றிய பிக்குவின் காவியையே திருடி உடுத்திக்கொண்டு, நண்பர்கள் கைதிகளாக இருக்கும் முடோன் முகாமுக்கு நடக்கிறான். வழியெங்கும் நாதியற்ற பிணங்கள். முதலில் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான்; பிறகு முடியவில்லை. வெறும் கைகளால் குழி தோண்டுகிறான். திருட்டு வேடம் துறவாகிறது. நண்பர்கள் கப்பலேறும்போது அவன் வரவில்லை, கடிதம்தான் வருகிறது.

இவ்வளவு உருக்கமான படத்தில் ஒரு மௌனமும் உண்டு. ஜப்பானிய ராணுவம் பர்மாவில் செய்த கொடுமைகள் திரைக்கு வரவேயில்லை என்பது விமர்சகர்களின் நெடுநாள் குறை. முடோனுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் தன்பியூஸயாட். 1943இல் ஜப்பானியர்கள் முடித்த சயாம் - பர்மா மரண ரயில்பாதையின் முனை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பலருக்குக் கல்லறைகூட இல்லை.

1985இல் இச்சிகாவா இதே கதையை வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். ஜப்பானில் வசூல் குவிந்தது.

ஆயினும் அந்தச் சிப்பாயை மறப்பது கடினம். ஊர் திரும்பும் உரிமையை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தவன் அவன். அவன் தோண்டாத குழிகளையும் எண்ணிப் பார்க்க வைப்பதே அந்த யாழின் வலிமை.