காந்த ஊசியும் டார்பிடோவும்

குற்றாலத்திலோ தென்காசியிலோ, ஓர் எஃகு ஊசியை நடுவில் நூல் கட்டிச் சமநிலையில் தொங்கவிட்டு, பின்பு அதற்குக் காந்தம் ஏற்றினால், அது வடக்கு நோக்கித் திரும்புமேயன்றித் தரை நோக்கிச் சாய்வதில்லை. ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். அதே ஊசி ஜெர்மனியின் வடகடற்கரையில் 70 பாகை அளவுக்குத் தலைகுனியும். பூமியின் காந்த மத்திய ரேகை நமது தென்கோடியை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று ராக்கெட் ஏவப்பட்டதும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் எழுந்ததும் இந்த விசேஷத்தை முன்னிட்டே.

இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கி மாலுமிகளைப் பெரிதும் அலைக்கழித்ததும் இந்தக் காந்தச் சாய்வின் வேற்றுமையே ஆகும். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவை ஏவுமுன் அதன் வேகம், ஆழம், திரும்பவேண்டிய கோணம் ஆகியவற்றை நிர்ணயிக்க வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில், ஏவுகுழாயின் சுவரை ஊடுருவி டார்பிடோவின் உடலுக்குள் நுழையும் மெல்லிய தண்டுகள், பகைக்கப்பலின் போக்கு மாறமாற உள்ளிருந்து திசை காக்கும் சுழல்மானியைக் கடைசிக் கணம்வரை திருத்திக்கொண்டேயிருந்து, ஏவும் தருணத்தில் பின்வாங்கிக்கொள்ளும். எத்தகைய நேர்த்தியான வேலைப்பாடு அது!

ஆயினும் இலக்கின் அடிவயிற்றில் வெடிப்பதற்காக அமைந்த காந்த வெடிப்பான், இடத்துக்கு இடம் வேறுபடும் பூமியின் காந்தத்தையே நம்பியிருந்தது. கப்பலின் உருக்குடல் அந்தக் காந்தப் புலத்தில் உண்டாக்கும் கலக்கம், துருவத்தை நெருங்கிய கடல்களில் ஒருவிதமாகவும் மத்திய ரேகையருகே தட்டையாகப் பரந்து வேறுவிதமாகவும் அமையும். ஜெர்மானியர் கடலைக் காந்த மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் தயாரித்து, மண்டலத்துக்கேற்ப வெடிப்பானைத் திருத்தி வைத்தனர். அப்படியும் 1940 ஏப்ரலில் நார்வேக் கடலில் அவர்களுடைய டார்பிடோக்கள் பலவும் பயனற்றுப் போயின. ஆழத்தின் நிர்ணயமும் பொய்த்ததற்குக் காரணம், நெடுநேரம் மூழ்கியிருந்த கப்பலுக்குள் ஏறிய காற்றழுத்தம் டார்பிடோவின் ஆழம் காக்கும் அறைக்குள் கசிந்ததுதான் என்பது 1942 ஜனவரியில்தான் அவர்களுக்குப் புலனாயிற்று.

அமெரிக்கரோ, தம் வெடிப்பானை மெய்யாகவே வெடிக்கவைத்துச் சோதித்தது 1926இல், நியூபோர்ட் கடலில், பழைய நீர்மூழ்கி ஒன்றின்மீது மட்டுமே. பசிபிக்கின் வெப்பக் கடல்களில் அது முன்னதாகவே வெடித்தும் வெடிக்காமலும் ஏமாற்றியபோது, ஆயுத இலாகா மாலுமிகளின் குறியையே குறைகூறியது பெரும் அநீதி என்பேன். 1943 ஜூன் 24 அன்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அந்தக் காந்த அமைப்பைத் துண்டித்துவிடும்படி ஆணையிட்டார்.