முற்றல், செங்காய், கனி

மரத்தில் காய் முதலில் முற்றுகிறது; பிறகுதான் கனிகிறது. முற்றும்போது பல காய்களுக்குள் மாவுச்சத்து சேர்கிறது. கனியும்போது அந்த மாவு சர்க்கரையாகிறது. புளிப்பும் துவர்ப்பும் தணிந்து, சதை இளகி, மணம் எழுகிறது. முற்றாத காயைப் பறித்து வைத்தாலும் நிறம் மாறும், தொட்டால் மெத்தென்றும் இருக்கும். ஆனால் சர்க்கரையாக மாற உள்ளே சரக்கு இருக்காது. சந்தையில் ‘வெம்பல்’ என்று ஒதுக்கப்படும் பழங்களில் பல இந்த வகைதான்.

வாழையில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். பச்சைக் காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்றாகக் கனிந்த பழத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மிஞ்சினால் அதிகம். மாற்றத்தைத் தூண்டுவது எத்திலீன் என்ற வாயு. காயே அதை வெளியிடும். புகையிலும் அது உண்டு. தார்களை அறையில் அடுக்கி மூட்டம் போட்டதும், மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்ததும் அந்த வாயுவைச் சிதறவிடாமல் பிடித்து வைக்கும் உத்திகளே.

திண்டுக்கல் மாவட்டத்தின் விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றைத் தோலின் அழகு பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். கனியக் கனியத் தோல் கறுத்துச் சுருங்கும். சுவை கூடுவதும் அப்போதுதான். விருப்பாச்சிப் பழத்தில் நீர் குறைவு. தண்ணீரே சேர்க்காமல் பிசையப்படும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அது பொருந்தி வந்ததற்கு இதுவே காரணம். அந்தப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

எல்லாப் பழத்தையும் முழுக்கக் கனியவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை. பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியின் கொய்யாவைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருபவர்கள் தேடுவது செங்காயை. நறுக்கென்று கடிபடும் அந்தப் பக்குவத்தில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். கனிந்து குழைந்தால் வாசம் தூக்கலாகிவிடும். உப்பு மிளகாயோடு சேராது. சப்போட்டா இதற்கு நேர்மாறு. செங்காயாகக் கடித்தால் பாலும் துவர்ப்பும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அது முற்றியதா என்று அறியத் தோலை நகத்தால் லேசாகக் கீறினால் போதும்: உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் முற்றவில்லை.

கொடைரோடு வட்டாரத்துப் பன்னீர் திராட்சையைப் பறித்த பின் எத்தனை நாள் வைத்திருந்தாலும் இனிப்பு ஏறாது. திராட்சையில் சர்க்கரையாக மாறும் மாவு இருப்பு கிடையாது. கொடி தரும் சர்க்கரையோடு கணக்கு முடிந்தது. கொத்தில் நுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும் என்பதால், வாங்குமுன் சுவைக்க வேண்டியதும் அதைத்தான். அன்னாசியும் எலுமிச்சை இனமும் பறித்த பின் இனிப்பு ஏறாதவைதான். பப்பாளியிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. அடிப்பக்கம் மஞ்சள் கீற்று விழுமுன் பறித்தால், நிறம் மாறினாலும் சப்பென்றே இருக்கும்.

நத்தம் பக்கத்து மாம்பழம் பருவத்தில்தான் கார்பைடு கல் பேச்சு எழும். ஈரம் பட்டால் அந்தக் கல் அசிட்டிலீன் வாயுவை விடுகிறது. அதுவும் எத்திலீனைப் போலக் காயைத் தூண்டும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் அதைக் கொண்டு பழுக்க வைக்க இந்தியாவில் தடை உண்டு. பத்து லட்சத்தில் 100 பங்குவரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016இல் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்த வாயுவும் முற்றாத காயை இனிப்பாக்காது. காம்பைச் சுற்றித் தோள் புடைத்த காயே முற்றியது. தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்தும் காம்பருகே மணம் இல்லையென்றால், அந்தப் பழத்தைச் சந்தேகிக்கலாம்.

கனிந்த பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். கனியாததை வைப்பதுதான் தவறு. ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காயின் தோல் கறுத்துவிடும். பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகக் கனியாது.