உலோகத்துக்குள் ஓர் ஒற்றன்

கூடலூர்ப் பக்கத்தில் விளையும் வாழைப்பழம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு, பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க வகை. அதிலிருந்து சராசரியாக ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு பாஸிட்ரான் வெளிப்படுகிறது. அஞ்ச வேண்டாம்; அதனால் தீங்கில்லை. எலெக்ட்ரானுக்குச் சமமான நிறையும், அதற்கு எதிரான நேர் மின்னேற்றமும் கொண்ட இத்துகளை 1932இல் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் கண்டறிந்தார்.

பாஸிட்ரானும் எலெக்ட்ரானும் சேர்ந்தால் இரண்டும் மறைகின்றன. அவற்றின் நிறை ஆற்றலாகி, பெரும்பாலும் இரு காமாக் கதிர்களாக எதிரெதிர்த் திசைகளில் பாய்கிறது.

உலோகமோ எலெக்ட்ரான் கடல். அதில் விழுந்த பாஸிட்ரான் எவ்வளவு நேரம் பிழைக்கும்? பழுதற்ற அலுமினியத்தில் சுமார் 160 பிக்கோ விநாடி. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே பிக்கோ விநாடி! அதற்குள் அது வேகமிழந்து, அலைந்து, சில வேளை மேற்பரப்பை எட்டுகிறது.

அங்கே அதற்கு மூன்று வழிகள் உண்டு. டங்ஸ்டன், செம்பு போன்ற உலோகங்கள் அதனைத் தாமே வெளியே தள்ளக்கூடும். அல்லது, ஓர் எலெக்ட்ரானைத் துணை சேர்த்துக்கொண்டு, ஹைட்ரஜன் அணுவை ஒத்த ‘பாஸிட்ரோனியம்’ ஆக வெளியேறலாம். உலோகத்தின் உள்ளே எலெக்ட்ரான் நெரிசலில் இந்த ஜோடி உருவாவதில்லை. மூன்றாவதாக, மேற்பரப்பிலேயே சிறைப்படலாம். அங்கே எலெக்ட்ரான்கள் குறைவு. ஆகவே ஆயுள் நீள்கிறது.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? உலோகத்துக்குள் ஒளிந்துள்ள வெற்றிடக் குமிழின் சுவரும் ஒரு மேற்பரப்புதானே! வேக ஈனுலையில் நியூட்ரான்கள் எஃகைத் தாக்கும்போது அணுக்கள் இடம்பெயர்ந்து நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. நாளடைவில் எஃகு உப்பி, எரிபொருள் குழாய்கள் உருக்குலையலாம். 1985 முதல் சோதனை ஈனுலை இயங்கிவரும் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் இத்தகைய குறைகளைப் பாஸிட்ரான் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

முறை எளியது. சோடியம்-22 ஒரு பாஸிட்ரானை விடும்போதே ஒரு காமாக் கதிரையும் விடுகிறது. இது பிறப்புச் செய்தி. பாஸிட்ரான் அழியும்போது தோன்றும் கதிர் இறப்புச் செய்தி. இடைப்பட்ட நேரமே ஆயுள். அது 400 பிக்கோ விநாடி அளவுக்கு நீண்டால், உள்ளே வெற்றிடக் குமிழ்கள் வளர்ந்துள்ளன என அறியலாம். எஃகை அறுத்துப் பார்க்காமலேயே, கண்ணுக்குத் தெரியாத அக்குறைகள் புலப்பட்டுவிடுகின்றன.