பாட்டியின் தகரப் பெட்டியில் பிரஜாவுரிமை

சுள்ளியா பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுபோகும். வேலை இல்லாத அந்த நாட்களில்தான் தொழிலாளர் குடியிருப்புகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டிகள் வெளியே வரும். மடித்து மடித்து மடிப்பில் ஓட்டை விழுந்த காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்து, அடுப்பு வெக்கையில் ஈரம் போகக் காட்டி, மறுபடி உள்ளே வைப்பார்கள்.

அப்படி ஒரு பெட்டிக்குச் சொந்தக்காரி எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறித்தவர். 1975-ல் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கர்நாடகத்துக்கு வந்தவர். பெட்டியில் இருப்பவை ஓர் இந்தியப் பாஸ்போர்ட், குடும்பப் படம் ஒட்டிய 'பேமிலி கார்டு', தோட்டத்தில் கணக்குத் தீர்த்த சீட்டு, அவ்வளவுதான்.

"ஆடு, கோழி, சட்டி பானை எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம். இந்தக் காயிதத்த மட்டும் விடல" என்கிறார் பாட்டி.

அந்தக் காகிதம் இல்லாத பக்கத்துச் சொந்தங்கள் பட்டபாட்டைப் பார்த்தால், பாட்டி சொல்வது மிகை இல்லை என்று தெரியும்.

ஆளைப் பங்கிட்ட ஒப்பந்தம்

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கிவிட்டது. தோட்டத்தில் பிறந்தவன், தன் தகப்பனும் அங்கே பிறந்தான் என்று அத்தாட்சி காட்ட வேண்டும் என்றார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எவன் பிறப்புச் சீட்டு எழுதி வைத்தான்?

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. பாக்கி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிக்கிற மாதிரிதான்!

இந்தியப் பிரஜையாகப் பதிவானவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் குடியமர்த்தப்பட்டார்கள். சுள்ளியா, புத்தூர் தாலுகா ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அண்ணன் கரையேறினார், தங்கை தங்கிவிட்டார்

பாட்டியின் கணவருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் வீட்டுக்காரரும் இந்தியாவுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார். ஆனால் விண்ணப்பம் முடிவாகாமலே கிடந்தது. 1981-ல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. 1984-ல் கப்பலும் நின்றது.

1990-ல் போர் மறுபடி மூண்டபோது தங்கையின் குடும்பம் கள்ளத்தோணியில் ராமேசுவரம் வந்து சேர்ந்தது. அண்ணன் வந்த அதே மண்டபம்தான். ஆனால் அண்ணனுக்கு அங்கே கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியவர்'. தங்கைக்குக் கிடைத்த பெயர் 'அகதி'. தோணியில் வந்த பேத்திக்கு அப்போது இரண்டு வயது.

அந்தப் பேத்தியைத்தான் 2009-ல் பாட்டியின் பேரனுக்குக் கட்டிவைத்தார்கள். மாமன் மகள் முறை. விட்டுப்போன உறவு ஒட்டியது என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சட்டம் என்ன சொல்லும் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

2010-ல் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நர்சு படிப்புப் படித்து வெளிநாடு போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பாஸ்போர்ட் பேச்சு எழுந்தபோதுதான் குடும்பத்துக்குத் தூக்கம் போயிற்று.

தேதி பார்த்துப் பிறக்க வேண்டும்

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தது. பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். இந்த வீட்டைப் பொறுத்தவரை இரண்டு தேதிகள் முக்கியம்.

1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. பேரன் 1985-ல் புத்தூரில் பிறந்தவர், அவருக்குக் கவலை இல்லை. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்கவேண்டும். பேரனின் தம்பி 1989-ல் பிறந்தவர், ஆகவே அவருக்குத் தகப்பனின் அத்தாட்சி வேண்டும். அது பாட்டியின் பெட்டியில் இருக்கிறது.

2004 டிசம்பர் 3 முதல் கட்டு இன்னும் இறுகிவிட்டது. இரண்டு பேருமே பிரஜையாக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் பிரஜையாக இருந்து மற்றவர் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' அல்லாதவராக இருக்கவேண்டும். முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் எல்லாம் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமாகக் குடியேறியவர். இரண்டு வயதில் தாயின் மடியில் தோணியில் வந்த குழந்தைக்கும் அதே பெயர்தான். அவள் பெற்ற பிள்ளைக்கும் அந்த நிழல் விழுகிறது.

இந்தியப் பிரஜையை மணந்தவர் இந்த நாட்டில் ஏழு ஆண்டு வசித்திருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்றால் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. 'இந்திய வம்சாவளி' என்ற வழியும் உண்டு. அதற்குத் தானோ, தாய் தகப்பனில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருக்கவேண்டும். தாத்தாவின் தகப்பனார் திருச்சி ஜில்லாவிலிருந்து போனவர் என்பது இங்கே செல்லாது.

2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

தரகர் காட்டிய குறுக்கு வழி

இந்தச் சமயத்தில்தான் ஒரு தரகர் வந்தார். மருமகள் சுள்ளியாவிலேயே பிறந்ததாகச் சீட்டு வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் ஆகும் என்றார். வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கொடுத்துவிடலாம் என்றார் பேரன். மறுத்தவர் மருமகள்தான்.

"பொய்ச் சீட்டுல எம்பேரு ஏறிட்டா, நாளைக்கு எம்பொண்ணு பாஸ்போர்ட்டையும் சேத்துல்ல பிடுங்குவாங்க?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. குடியுரிமைக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. மாட்டிக்கொள்கிறவர் தரகர் அல்ல, கையெழுத்துப் போட்டவர்.

பெயர் எழுத்தில் உள்ள கோளாறுக்குக்கூட இப்படிக் குறுக்கு வழி தேடுகிறவர்கள் உண்டு. பாட்டியின் பெயரையே கண்டியில் ஒரு விதமாகவும், மண்டபத்தில் ஒரு விதமாகவும், இங்கே கன்னடத்தில் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். பழைய காகிதத்தில் பேனா வைத்துத் திருத்தினால் அது செத்த காகிதம். எல்லாப் பெயரும் ஒரே ஆளைக் குறிப்பதுதான் என்று நோட்டரி முன்பு பிரமாணப் பத்திரம் எழுதி, மூலத்தோடு சேர்த்து வைப்பதே முறை.

பதிவில் பெயர் இருக்கிறதா?

வழி அடியோடு அடைபட்டுவிடவும் இல்லை. திருச்சி முகாம்களில் இருந்த 65 பேர் தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் ஓர் உத்தரவு போட்டது. அவர்களின் விண்ணப்பங்களைக் கலெக்டர்கள் தாமதமின்றி மேலே அனுப்பவேண்டும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்லவேண்டும் என்றது. வழக்குப் போட்டவர்கள் மலைநாட்டு வம்சாவளியினர்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை கொடுக்கும் ஆணை அல்ல இது. ஊரில் பலர் அப்படி நினைத்து இனிப்பு வாங்கினார்கள். ஆனாலும் 'பதிவு செய்துகொண்ட' என்ற இரண்டு சொல்லில் விஷயம் இருக்கிறது.

கல்யாணமாகி வெளி மாநிலம் வரும் பெண்ணின் பெயர் முகாம் பதிவில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. மருமகளுக்கும் அதுதான் சந்தேகம். முகாமில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "ஒம்பேரு இன்னும் எங்க கார்டுலதாம்மா இருக்கு, எடுக்கவே இல்ல" என்றார் சித்தப்பா. பெயரை எடுக்காமல் விட்ட சோம்பல் சில சமயம் நல்லதும் செய்கிறது!

அந்தப் பதிவின் நகல், கல்யாணச் சான்று, கணவரின் பிறப்புச் சான்று, பாட்டியின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் சேர்த்துத் தைத்த கட்டு தயாராகிவிட்டது. குடியுரிமை விண்ணப்பத்தை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். பிறகு மூலப் பத்திரங்களோடு, தமிழ்நாட்டில் கலெக்டர் என்பவருக்கு இங்கே ஈடான டெபுடி கமிஷனரின் அலுவலகத்துக்குப் போகவேண்டும். போலீஸ் விசாரணை, மாநில அரசு, அப்புறம் டில்லி.

மழை சற்று விட்டதும் மங்களூர் போவதாக ஏற்பாடு. கட்டை எடுத்துக்கொள்ளட்டும், மூலத்தை மட்டும் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார் பாட்டி. பிளாஸ்டிக் உறை வாங்கி வந்திருக்கிறாள் கொள்ளுப் பேத்தி.