அடுத்தவர் படைத்த பாட்டி

நம் சங்க அன்பர்கள் ஆளுக்கோர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதினோம். என் முறை வந்தபோது, விறுவிறுப்புக்காக மீனாட்சிப் பாட்டியை மாரடைப்பில் சாகடித்துவிட்டேன். பாட்டியைப் படைத்த சகோதரி இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை. பாட்டி அவருடைய தாயாரின் சாயல் என்பது பிறகுதான் தெரிந்தது.

1954-இல் கல்கி மறைந்தபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டே அதை முடித்தார். பெற்ற மகளே அப்படி! சர்வீஸில் 'பிளாக்' வாங்காமல் தண்டவாளத்தில் கை வைக்காத நான், இங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தவர் பாத்திரத்தைப் பேச வைக்கலாம், கோபப்படவும் வைக்கலாம். கொல்வதும், மணம் முடிப்பதும், குணத்தை மாற்றுவதும் படைத்தவரைக் கேட்ட பிறகே.

மன்னிப்புக் கேட்டு, அடுத்த அத்தியாயத்தை அவரிடமே கொடுத்தேன். இறந்த செய்தி தவறாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பாட்டி முதலில் கேட்டது காபி.