எலும்பு ஏற்றுக்கொள்ளும் உலோகம்

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு, மூட்டு மாத்தணுமாம். டாக்டர் சிமெண்ட் வெச்சுப் பொருத்தலாம்ங்கறார். கோட்டிங் போட்டது உசத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. பணம் பத்திக் கவலையில்ல. அதையே வைக்கச் சொல்லட்டுமா?"

டிப்ளமா படித்துவிட்டு ரயில்வே பணிமனையில் காலம் கழித்தவன் நான். கோட்டிங் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. தேய்ந்துபோன ஷாஃப்டின் மேல் உருகிய உலோகத்தைத் தூவிப் பழைய அளவுக்குக் கொண்டு வருவோம். ஆனால் எலும்புக்கு? படித்தும் மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு தாதுப்பொருள். அதே இனத்தைச் சேர்ந்ததுதான் ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் பீங்கான். பீங்கான் என்பதால் இது கோப்பையைப் போல உடையக்கூடியது. உடல் பாரத்தைத் தனியே தாங்காது. டைட்டானியம் உலோகம் தாங்கும். ஆகவே பாரம் சுமக்க உலோகம், எலும்போடு உறவாட மேலே மெல்லிய பீங்கான் பூச்சு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரானெமார்க் 1952-ல் முயல்களிடம் நடத்திய ஆய்வின்போது கண்டார். பூச்சு அந்த ஒட்டுதலை விரைவுபடுத்துகிறது. 1985-ல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் பூச்சிட்ட இடுப்பு மூட்டைப் பொருத்தினார்.

பூசும் முறை எங்கள் பணிமனை முறைக்கு அண்ணன்தம்பி. முதலில் கடினமான துகள்களை வேகமாக அடித்து உலோகத்தைச் சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு 10,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள பிளாஸ்மா பீச்சில் பீங்கான் தூளைச் செலுத்துகிறார்கள். உருகிய துளிகள் உலோகத்தில் மோதி, அப்பளம் போலத் தட்டையாகி, அடுக்கடுக்காகப் படிகின்றன. பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தடித்தால் விரிசல் விட்டு உரியும். பயிற்சிக் காலத்தில் நான் சரியாகச் சொரசொரப்பாக்காமல் விட்ட ஒரு ஷாஃப்டின் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஷாஃப்டைத் திரும்பக் கழற்றலாம்; தொடை எலும்பை அப்படிக் கழற்ற முடியுமா?

உடலுக்குள் போனதும் பூச்சு சிறிது கரைந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விடுகிறது. அதன்மேல் எலும்பு போன்ற புதிய தாதுப்படலம் படிகிறது. எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் அதைத் தம் வீடென்று எண்ணிக் குடியேறுகின்றன. எலும்பு நேராகவே ஒட்டி வளர்கிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மூட்டு அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே உலோகத் தண்டை எலும்புக்குள் இறுக்கமாகத் தட்டிச் செருகுகிறார்கள்.

அக்காவுக்குச் சிக்கல் இங்கேதான். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: "எழுபத்தாறு வயசு. எலும்பு மெலிஞ்சு போயிருக்கு. தட்டிச் செருகும்போது கீறல் விடலாம், பின்னால உடையவும் உடையலாம். சிமெண்ட்னா அன்னைக்கே பிடிச்சுக்கும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். வயசு குறைவு, எலும்பும் உறுதின்னா பூச்சுப் போட்டதையே நானும் சொல்லியிருப்பேன்."

இந்த சிமெண்ட் வீடு கட்டுவது அல்ல. அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1960-களிலேயே இதைக் கொண்டு இடுப்பு மூட்டு பொருத்தினார். பழையது என்பதால் அது மட்டமில்லை.

போனில் "வைக்கச் சொல்லு" என்று சொல்ல வாய்வரை வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பாசத்தில் விலை உயர்ந்ததைக் கேட்கிறோம். மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "இந்த எலும்புக்கு எது பொருந்தும், ஏன்?" என்பதுதான்.

அக்கா இப்போது கைத்தடியோடு கோயிலுக்குப் போய் வருகிறாள். பாத்ரூமில் கைப்பிடியும் போட்டாகிவிட்டது. எல்லாப் பூச்சுகளையும்விட மலிவான வைத்தியம் அந்தக் கைப்பிடிதான்!