நிலத்துக்கேற்ற பிராணியும் சந்தையில் ஆடு வாங்குதலும்

வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வெளியூர் ஆடுகள் பலவும் வந்து சேர்கின்றன. வாங்குவோர் பல்லைப் பார்த்து வயதை அறிகின்றனர். முதுகைத் தடவிச் சதைப்பிடிப்பை அறிகின்றனர். தூக்கிப் பார்த்து எடையை மதிக்கின்றனர். இறைச்சிக்கு வாங்குவோருக்கு இவ்வளவே போதும். பட்டியில் வைத்துப் பெருக்க விரும்பும் விவசாயியோ, இந்த ஆடு எந்தப் பக்கத்தில், எவ்வித மேய்ச்சலில் வளர்ந்தது என்பதையும் விசாரித்தல் அவசியம். இதனைக் கேட்பவர் மிகச் சிலரே.

பிராணிகளின் தோலும் உரோமமும் காலும் வாயும், அவை தலைமுறை தலைமுறையாக வசித்துவந்த இடத்தின் சீதோஷ்ணத்துக்கும் இரைக்கும் இணங்க அமைந்தவை. இணங்காதவை கன்று ஈனாமலும் குட்டி போடாமலும் மடிந்துபோக, இணங்கியவை வமிசத்தைப் பெருக்கின. ஆகையால் இது ஓர் ஆடு ஒரு கோடையில் பழகிக்கொள்ளக்கூடிய காரியமன்று.

உஷ்ணத்தையே எடுத்துக்கொள்வோம். செம்மறியாடு மாட்டைப்போல் நன்றாக வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நிழலில் நிமிஷத்துக்கு சுமார் 20 முறை மூச்சு விடும் ஆடு, கடும் வெயிலில் நூறு முறைக்கு மேலும் இரைப்பதுண்டு. அப்படி இரைக்கும் ஆடு மேயாது. மேயாத ஆடு தேறாது. நீலகிரி செம்மறியைப் பாருங்கள். மெரினோ முதலிய ஐரோப்பிய இனங்களை நாட்டு ஆடுகளுடன் சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டில் உண்டான இனம் அது. அதன் மெல்லிய அடர்ந்த கம்பளி மலைக்குளிரில் அதற்குப் போர்வை. அதே கம்பளி விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் அதற்குப் பெருஞ்சுமை. மாறாக, செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கங்களுக்குரிய சென்னைச் சிவப்புக்கும், சேலம் ஜில்லா மேச்சேரியின் பெயரால் வழங்கும் இனத்துக்கும் கம்பளியே இல்லை. குட்டை மயிர் மட்டுமே உண்டு. திருச்சி கருப்புக்குக் கம்பளி இருப்பினும் அது முரடாகவும் நெருக்கமின்றியும் இருப்பதால் காற்றுப் புக இடமுண்டு. உருவம் சிறிதென்று இதனைத் தள்ளுவோர் பலர். சிறிய உடலுக்குச் சிறிதளவு மேய்ச்சல் போதும் என்பதைப் புல் காய்ந்த பங்குனி, சித்திரையில்தான் அவர்கள் உணர்வார்கள்.

மாடுகளிடத்திலும் இவ்வாறே. தஞ்சைத் தரணியின் கடைமடைச் சேற்றில் உழைக்க உம்பளச்சேரி மாடு குட்டையாகவும் கட்டாகவும் அமைந்தது. கொங்கு நாட்டுப் புன்செய்க்குக் காங்கேயம் அமைந்தது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலும் கருமை. ஆதலால் அது குட்டையில் புரள்வது சோம்பலால் அன்று.

வெள்ளாட்டின் விஷயம் வேறு. அது பின்னங்கால்களில் நின்று வேலியையும் கருவேலையும் கடித்துத் தின்னும் பிராணி. செம்மறியோ தரையோடு தரையாகப் புல்லைக் கரம்பும். வயிற்றுப் புழுக்களின் குஞ்சுகள் ஈரப்புல்லின் அடித்தாளில்தான் அதிகம் இருக்கும். தழை தின்று வாழ்ந்த வெள்ளாட்டு வமிசத்துக்கு இப்புழுக்களை எதிர்க்கும் சக்தி செம்மறியைவிடக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாட்டை விடியற்காலையிலேயே குட்டைப்புல்லில் ஓட்டிவிட்டு, பின்னர்க் குட்டிகள் சோகை கண்டு தாடையில் நீர் கோத்து மடிகின்றன என்று வருந்துவதில் பயனில்லை. பனி உலர்ந்தபின் ஓட்டுதலும், தழை வெட்டிக் கட்டித் தொங்கவிடுதலும் செலவில்லாத பரிகாரங்கள்.

மனிதன் வளர்க்காத மிருகங்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. நமது காப்புக்காடுகளிலுள்ள புள்ளிமான் நீர்நிலையை விட்டு வெகுதூரம் பிரிந்து வாழ இயலாதது. கோடையில் காட்டுக்குட்டைகள் வற்றினால் அது ஊரை நாடி வந்து, நாய்களுக்கும் திருச்சி நெடுஞ்சாலை வாகனங்களுக்கும் இரையாகிறது. காட்டோரக் குட்டைகளில் மாசி மாதத்துக்குள் தூர் எடுப்பதில் கிராம அதிகாரிகள் கவனம் செலுத்துவது நலம். காட்டுப்பன்றிக்கோ வியர்த்துச் சூடு தணிக்கும் வழியில்லை. ஆதலால் பகலில் புதரிலும் சேற்றிலும் கிடந்து, இரவில் மக்காச்சோளத்திலும் மணிலாவிலும் இறங்குகிறது. அதற்குப் பார்வை மந்தம், மோப்பம் மிகக் கூர்மை. இதனை அறிந்தால், வயலில் வைக்கோல் பொம்மை நிறுத்துவதால் ஏன் பலன் கிட்டுவதில்லை என்பது விளங்கும்.

இனி, சந்தையில் பொலிகிடா வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். கத்தரி வெயிலில் வாடிய கிடாவின் வித்து, வெயில் தணிந்து ஏறக்குறைய ஏழு வாரங்கள் சென்ற பின்னரே பழைய வீரியம் அடையும். ஆகவே ஆடியில் பொலியவேண்டிய கிடாவை வைகாசி முழுதும் நடுப்பகலில் மர நிழலில் வைத்துக் குளிர்ந்த நீர் காட்டுங்கள். கூடுமானவரை நமது நிலத்தையொத்த பக்கத்திலிருந்தே கிடாவைத் தேர்ந்தெடுங்கள். பல ஊர் ஆடுகள் உராயும் இடம் சந்தையாதலால், வாங்கி வந்ததை மூன்று வாரம் வேறு பட்டியில் அடைத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று விற்றவரிடம் கேட்டறியுங்கள். ஐயமிருந்தால் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். புதிய ஆட்டுக்கு முதல் வாரத்தில் பழைய ஊர்த் தீவனத்தில் பாதியும் நமது தீவனத்தில் பாதியும் கலந்து கொடுத்துவந்தால் கழிச்சல் காணாது.